அட்டையில்லாத புத்தகம்

பாலேஸ்வரி அந்தப் புத்தகத்தைப் புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கு அருகில், நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கினாள். முன் அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. அதனால் புத்தகத்தின் பெயர் என்ன, எழுதியவர் யார், தமிழில் கொண்டுவந்தவர் யார் என்பது அவளுக்கு ஒருநாளும் தெரியவரவில்லை. எங்கோ வெளிநாட்டில், பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில் எழுதப்பட்ட கதை என்பது மட்டும் படிக்கப் படிக்கப் புரிந்தது. பழைய அச்சு. 'லை'யும் 'னை'யும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன.

கதையின் நாயகன் தொபியாஸ் என்ற கப்பல் சமையற்காரன். கப்பல் உடைந்ததும் சோறு வடிக்கிற ஒரு பெரிய செம்புக் கிடாரத்துக்குள் ஏறி உட்கார்ந்து, மிதந்து மிதந்து ஒவ்வொரு நாடாகக் கரையேறுகிறான். ஒரு நாட்டு ராசா தன் இருமலைத் தானே கேட்டுப் பயந்து, நாட்டில் இருமுகிறவர்கள் எல்லாரும் பெயரைப் பதிய வேண்டுமென்று சட்டம் போடுகிறான். இன்னொரு நாட்டில் வீடுகளைவிடக் கதவுகள் அதிகம். வீதிக்கு வீதி ஒரு கதவு, கதவுக்கு ஒரு காவலன். அவர்கள் "நீ யார்?" என்று கேட்பதில்லை. "நீ யார் இல்லை?" என்று கேட்கிறார்கள். தான் இன்னார் இல்லை என்பதற்கு ஆள் சான்றிதழ் காட்ட வேண்டும். காவலர்களுக்கெல்லாம் தலைவனான பெரிய காவலன் ஒரு வயல்வெளியின் நடுவில் நிற்கிறான். அவனுடைய கதவுக்கு இரண்டு பக்கமும் மதிலே இல்லை. மாடுகள் கதவைச் சுற்றிப் போகின்றன. மனிதர்கள் மட்டும் வரிசையில் நின்று கதவால் போகிறார்கள்.

இந்த இடத்தில்தான் பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது.

அவள் கொள்ளுப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்தாள். வருகிறவர்களுக்கு நம்பர் கொடுப்பதும், பெயர் கூப்பிடுவதும், தொலைபேசி எடுப்பதும் வேலை. அன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவள் வாயைப் பொத்தப் பார்த்தும் சிரிப்பு மூக்கால் வந்துவிட்டது. டொக்டர் முகமூடியோடு எட்டிப் பார்த்தார். "என்ன பாலேஸ், சுகமில்லையோ?" என்று கேட்டார். இரண்டு வருடமாக அவள் சிரித்து அவர் கண்டதில்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அளவெட்டிக்காரி. தொண்ணூற்றைந்தில் எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது தாயோடு கிளிநொச்சிக்குப் போனாள். செத்துப்போன தாயை அங்கே எரித்துவிட்டு, வவுனியா முகாமில் ஐந்து மாதம் கிடந்து, பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்தாள். வெள்ளவத்தையில் றோஸி அன்ரி வீட்டின் பின் அறையில் இருந்தாள். றோஸி அன்ரி கொழும்பிலேயே பிறந்த, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, புருசன் இல்லை, அறுபது வயது. "மகள்" என்றுதான் கூப்பிடுவார்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே பாலேஸ்வரிக்கு ஒரு பழக்கம். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். 'சரி', 'சுத்தப் பொய்', 'இவனுக்கு ஒரு குட்டுப் போட வேணும்' என்று மனதில் பட்டதை எழுதாமல் பக்கம் திருப்ப அவளால் முடியாது. இந்தப் புத்தகத்தில் அந்தப் பழக்கம் கட்டுமீறிப் போயிற்று. 'எழுதினவன் கொழும்புக்கு வந்திருக்கிறானோ?' என்று ஒரு பக்கத்தில் எழுதினாள். நடுவில் இரண்டு பக்கத்துக்கு விரிந்த படம் ஒன்று இருந்தது. கதவுகளின் நாட்டு வரைபடம். பத்தொன்பது கதவுகளுக்கும் இலக்கம் போட்டிருந்தார்கள். ஒருநாள் பின்னேரம் நோயாளர் இல்லாத நேரத்தில் அவள், பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்க்கிற சோதனைச் சாவடிகளை நினைத்து, நான்காம் கதவுக்குப் பக்கத்தில் 'பம்பலப்பிட்டி' என்று எழுதினாள். ஏழுக்குக் 'கொள்ளுப்பிட்டி'. பதினொன்றுக்குத் 'தெமட்டகொடை'. கோயிலுக்குப் போகும்போது பொலிஸ் மறிக்கிற இடம் என்பதால் பதினான்கு 'கொட்டாஞ்சேனை' ஆயிற்று. பம்பலப்பிட்டிக்கு நேரே, 'நாலு மணிக்குப் பிறகு கூட்டம் குறைவு' என்றும் எழுதினாள். பெரிய காவலனுக்குப் பக்கத்தில் ஒரு மாடு கீறினாள். மாடு நன்றாக வரவில்லை, நாய் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து இன்னொருமுறை சிரித்தாள்.

அதில் ஆபத்து இருக்கிறதென்று அப்போது அவளுக்குத் தோன்றவேயில்லை. சிரிக்கிற மனிதருக்கு ஆபத்துக் கண்ணில் தெரியாது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை. தெமட்டகொடை ரயில் பாதையோரம் ஏதோ குண்டு பிடிபட்டதாகப் பகல் செய்தி வந்தது. நோயாளர் ஒருவரும் வரவில்லை. டொக்டர் மூன்று மணிக்கே கதவைச் சாத்திவிட்டு, "நேர வீட்டை போங்கோ" என்றார். பாலேஸ்வரி சாப்பாட்டுப் பெட்டியையும் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு காலி வீதிக்கு வந்து பஸ் ஏறினாள்.

பஸ் ஊர்ந்தது. முன்னால் வாகனங்கள் நீளத்துக்கு நின்றன. நடத்துநர் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாரையும் இறக்கிச் சோதிக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அடையாள அட்டையை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது விரல் புத்தகத்தில் முட்டியது. அந்த நொடியில்தான் வரைபடம் நினைவுக்கு வந்தது.

பைக்குள் வைத்தபடியே புத்தகத்தை விரித்தாள். பென்சில் கிளினிக் மேசையில் கிடந்தது. அதன் நுனியிலிருந்த ரப்பரும் அங்கேதான். விரலை நாக்கில் தொட்டுக் 'கொள்ளுப்பிட்டி'யின் மேல் தேய்த்தாள். எழுத்து போகவில்லை, கறுத்துப் பரவியது. முன்பைவிட மோசமாக, எதையோ மறைக்கப் பார்த்தது போல இருந்தது. கிழித்தால்? பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார், சத்தம் கேட்கும். கிழித்த தாளை எங்கே போடுவது? வாயிலா? புத்தகத்தைச் சீட்டுக்குக் கீழே விட்டுவிட்டு இறங்கினால்? பஸ்ஸில் ஆளில்லாமல் ஒரு பொருள் கிடந்தால் பஸ்ஸே வெறிச்சோடிவிடும். "இது யாருடையது?" என்று கத்துவார்கள். அவள் இருந்த இடத்தை அந்தப் பெரியவர் காட்டிக்கொடுப்பார். காட்டிக்கொடுப்பதில் அவர்மேல் பிழையும் இல்லை.

அவள் புத்தகத்தோடு இறங்கினாள்.

ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண் கான்ஸ்டபிள் அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தாள். பிறகுதான் பையைக் கவனமாகத் திறந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மணந்தாள். புத்தகத்தின் முதுகைப் பிடித்து உதறினாள். இடையில் எதுவும் விழவில்லை. திருப்பிக் கொடுக்கத்தான் போனாள். ஆனால் நடுவில் ஒட்டியிருந்த அந்த விரிந்த தாள் தானாகத் திறந்துகொண்டது.

"மேக்க மொக்கத்த?" என்றாள். இதென்ன என்று கேட்கிறாள்.

"கதந்தர பொத்தக்," என்றாள் பாலேஸ்வரி. கதைப் புத்தகம்.

கான்ஸ்டபிளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் வரைபடம் என்றால் என்னவென்று தெரியும். பென்சில் எழுத்தும் புதிதென்று தெரியும். அவள் கையைத் தூக்கி யாரையோ கூப்பிட்டாள்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். முக்கால் மணி நேரம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அது கேள்வியைவிடக் கொடுமையாக இருந்தது. பாலேஸ்வரிக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் மைத்துனனை டோர்ச் பற்றரி இரண்டு வைத்திருந்ததற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் எந்தச் சிறையில் இருக்கிறான் என்று தெரிந்தது. பற்றரிக்கு எட்டு மாதமென்றால் வரைபடத்துக்கு எவ்வளவு? யார் தேடி வருவார்கள்? டொக்டரா? அவரைப் பொறுத்தவரை இன்றைக்கு அவள் நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா இல்லாதது நல்லதென்று முதல்தடவையாக நினைத்தாள். நினைத்ததும் அழுகை முட்டியது. அழுதால் குற்றம் செய்தவள் போலத் தெரியுமென்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு சப் இன்ஸ்பெக்டர். நாற்பது வயதிருக்கும், கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. அவர் முன் வரைபடம் விரிந்து கிடந்தது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு கான்ஸ்டபிள். சட்டையில் ஸமீம் என்று பெயர் இருந்தது. பேருவளைப் பக்கத்து முஸ்லிம் ஆள் என்பது பேச்சில் தெரிந்தது. பாலேஸ்வரிக்குச் சிங்களம் நாலு சொல்லுக்கு மேல் பேச வராது. ஆனால் கேட்டால் பாதிக்குமேல் விளங்கும். அதை அவள் சொல்லவில்லை.

"சேர் கேக்குறாரு, இது எந்த எடத்துட மேப்?" என்றார் ஸமீம்.

"கதையில வாற நாட்டின்ரை மேப். அப்பிடி ஒரு இடம் இல்லை."

"அப்ப கொள்ளுப்பிட்டி எண்டு எழுதீக்கே? கொள்ளுப்பிட்டியும் இல்லாத எடமா?"

அவள் கறுத்துப் பரவிய அந்த எழுத்தைப் பார்த்தாள்.

"நாலு மணிக்குப் பொறகு கூட்டம் கொறவு எண்டும் எழுதீக்கு. அத என்னத்துக்கு எழுதின எண்டு கேக்குறாரு."

"நான் வேலை முடிஞ்சு போற நேரம் அது. ஒவ்வொரு நாளும் அதாலதான் போறனான். சும்மா எழுதினது சேர். கதையில கதவுகள் வருது. எனக்கு எங்கடை செக் பொயின்ற் நினைவு வந்தது. அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று விளங்கியது. ஸமீம் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில், "வழி ஞாபகம் வைக்க எழுதியதாம், சேர்," என்று மட்டும் சொன்னார்.

சப் இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்தார். "கதை என்றால் சொல்லட்டும். முதலிலிருந்து. பொய்யென்றால் நடுவில் தடக்கும்," என்றார்.

அப்படித்தான் பாலேஸ்வரி பொலிஸ் நிலையத்தில் கதை சொல்லத் தொடங்கினாள். தொபியாஸைச் சொன்னாள், கிடாரத்தைச் சொன்னாள். இருமுகிற ராசா வந்தபோது நாக்கு நின்றது. ராசாவைப் பார்த்துச் சிரிக்கிற கதை இந்த மேசைக்கு முன்னால் எப்படிச் சரிவரும்? "ஒரு பெரிய ஆள்" என்று மாற்றினாள். காவலர்களை "வேலைக்காரர்" என்றாள். மதிலில்லாத கதவை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாண்டினாள். வியர்வை முதுகில் ஓடியது. ஸமீமின் கையில் புத்தகம் திறந்திருந்தது. அவர் கண் வரிகளில் ஓடுவதை அவள் கண்டாள். அவள் எதை மாற்றுகிறாள், எதை விடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அவர் "லொக்கு மஹத்தயெக்" என்று அவளுடைய பெரிய ஆளையே சிங்களத்திலும் சொன்னார். அவருடைய கழுத்திலும் வியர்வை இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "பென்சில் எங்கே ஆகக் கூட இருக்கிறதோ, அந்தப் பக்கத்தை வாசி," என்றார் ஸமீமிடம்.

ஸமீம் தாள்களைத் தட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கத்தில் கீழ்க்கோடுகள் நெருங்கிக் கிடந்தன. அது எந்தப் பக்கம் என்று பாலேஸ்வரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஓரத்தில் 'இதுக்குச் சிரிக்கிறதோ?' என்று எழுதியிருந்தாள். அவளுக்கு மூத்திரம் முட்டியது.

ஸமீம் முதலில் தனக்குள் வாசித்தார். உதட்டை நனைத்துக்கொண்டார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். தொபியாஸ் கரையேறிய ஒரு நாட்டு யுத்த மந்திரி ஒவ்வொரு காலையும் மணி அடித்து, நேற்று நமது படை இத்தனை மைல் முன்னேறியது என்று அறிவிப்பார். அவ்வளவில் நிறுத்தினார்.

"இன்னும் வரி இருக்கிறது. எனக்குத் தெரிகிறது," என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

ஸமீம் தொடர்ந்தார். தொபியாஸ் கரித்துண்டால் அந்த மைல்களைச் சுவரில் எழுதிக் கூட்டிக்கொண்டே வந்தான். பத்தாம் மாதம் கூட்டிப் பார்த்தபோது படை அந்த நாட்டையும் தாண்டி, கடலையும் தாண்டி, அடுத்த கண்டத்தின் நடுவில் நின்றது. ஆனால் காயப்பட்டவர்களை ஏற்றிவரும் வண்டிகள் மட்டும் எந்நாளும் பக்கத்து ஊரிலிருந்தே வந்தன.

மின்விசிறி கிறீச்சிட்டது.

சப் இன்ஸ்பெக்டரின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு சத்தமாக, அடக்க முடியாமல், மேசையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "அடுத்த கண்டத்தில்!" என்றார். "என் மல்லியும் இதைத்தான் சொன்னான். ஒரே மரத்தடியை மூன்று தடவை பிடித்தோம் என்றான். மூன்று தடவையும் றேடியோவில் வந்ததாம்." மல்லி என்றால் தம்பி. அவன் வடக்கில் சண்டையில் இருந்த படைவீரன்.

வெளியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. சப் இன்ஸ்பெக்டரின் சிரிப்பு அறுந்தது. எட்டிப் பார்த்த ஆள் போனபின் அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

பாலேஸ்வரி அன்று முழுக்கப் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒரு பயமே இல்லை. சாத்திய கதவு, இரண்டு ஆண்கள், அவள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஸமீம் ஒன்றும் பேசாமல் போய் யன்னலை அகலத் திறந்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நின்றார். அதற்காக அவரை அவள் பிறகு பலநாள் நினைத்ததுண்டு.

சப் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து இருந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். காலையில் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். அவரும் பயந்திருந்தார். பயந்த பொலிஸ்காரர் கோபக்காரரைவிட ஆபத்தானவர் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் சிரித்ததைக் கண்ட சாட்சி அவள்.

"இதை வேறு யார் வாசித்தது?"

"ஒருத்தரும் இல்லை, சேர்."

"எழுதியது யார்?"

"தெரியாது. அட்டை இல்லை."

"எப்போது எழுதியது?"

"கனகாலத்துக்கு முந்தி. பாய்க்கப்பல்தான் வருது. வேற தேசம்."

ஸமீம் இவற்றை வரிக்கு வரி சரியாகச் சொன்னார். சப் இன்ஸ்பெக்டர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்படியென்றால் இது எங்களைப் பற்றியது இல்லை," என்றார். கட்டளையா கேள்வியா என்று தெரியாத குரல்.

"இல்லை சேர். எங்களைப் பற்றி இல்லை," என்றாள் பாலேஸ்வரி. ஸமீம் மொழிபெயர்க்கும் முன்பே சொல்லிவிட்டாள். அவளுக்குச் சிங்களம் விளங்கும் என்பது அந்த அவசரத்தில் வெளிப்பட்டுப் போயிற்று. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "அழி."

அவள் நின்றபடியே அழித்தாள். பம்பலப்பிட்டி போனது. தெமட்டகொடை போனது. கொட்டாஞ்சேனை போனது. நாலு மணிக்குப் பிறகு கூட்டம் குறைவு என்பது போனது. எச்சில் பட்டுக் கறுத்த கொள்ளுப்பிட்டியில் தாள் கிழிந்து ஓட்டையாயிற்று. அவள் திடுக்கிட்டு நின்றாள். "பரவாயில்லை, அழி," என்றார். மாட்டையும் அழித்தாள். ரப்பர்த் துகள்களை அவர் வாயால் ஊதித் தள்ளிவிட்டு, புத்தகத்தை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு ஸமீமிடம் சொன்னார். புத்தகம் என்று எதுவும் பதிவில் வேண்டாம். அடையாள அட்டை சரிபார்க்க அழைத்துவந்தது, வதிவிடம் உறுதியானதும் விட்டது. வீட்டுக்காரருக்கு அறிவி.

ஐந்தரைக்கு றோஸி அன்ரி ஓட்டோவில் வந்திறங்கினார். வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பொலிஸில் பதிந்த பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையில் செபமாலை. கையெழுத்து வைக்கும்போது அவருடைய பேனா மூன்று தடவை விழுந்தது. வீட்டுக்கும் ஓட்டோவிலேயே திரும்பினார்கள். வாசலைப் பூட்டிய பிறகுதான், "என்னத்துக்கு மகள் ஒன்னப் புடிச்சாங்க?" என்று கேட்டார்.

"ஒரு கதைப் புத்தகம் அன்ரி."

"கதைப் புத்தகமா?" றோஸி அன்ரி அவள் முகத்தையே பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

பத்து நாள் போனது. பாலேஸ்வரி வேலைக்குப் போய் வந்தாள். பொலிஸ் வாகனம் வீடிருந்த ஒழுங்கைக்குள் திரும்பினால் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். பதிவில் புத்தகம் இல்லை என்பது நல்லதா கெட்டதா என்று படுக்கையில் கிடந்து யோசித்தாள். எழுத்தில் இல்லாத ஒன்றுக்கு முடிவும் இல்லை. அந்த லாச்சியை அவர் எந்த நாளும் திறக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் படலைக் கதவு தட்டப்பட்டது. கோடு போட்ட சட்டையோடு ஒரு ஆள். றோஸி அன்ரி யன்னல் சீலையை நீக்கிப் பார்த்துவிட்டு, "மகள், அந்தப் பொலிஸ்காரன்," என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

ஸமீம் உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியே நின்றார். அடிக்கடி ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"பயப்படாதீங்க மிஸ். டியூட்டியில வரல்ல. சேர்ட தம்பிக்குக் கால் போய்ட்டு. கண்ணிவெடி. இப்ப ஆமி ஆஸ்பத்திரியில ஈக்காரு. யாரோடயும் பேசுறல்லயாம், சாப்பிடுறல்லயாம். சேர் போய் அந்தக் கிடாரத்துக்காரன்ட கதயச் செல்லீக்காரு. அந்த மைல் கதைக்கு அவரு சிரிச்சாராம். அதுலேந்து நான் டெய்லி முப்பது பக்கம் வாசிச்சுச் செல்றேன், சேர் போய் அவருக்குச் செல்றாரு."

பாலேஸ்வரி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப என்னண்டா, கடசிப் பக்கமும் இல்ல. கதவு நாட்டுலயே முடிஞ்சி போகுது. அந்த மனிசன் என்ன ஆனாரு எண்டு தம்பி கேக்குறாராம். மிஸ் வாசிச்சீப்பீங்க எண்டு சேர் அனுப்பினாரு."

அவள் அந்த இடம்வரை வாசித்திருக்கவேயில்லை. முக்கால்வாசியில்தான் புத்தகம் பறிபோனது. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். உடனே இன்னொரு யோசனை வந்தது. இது பொறியாக இருந்தால்? இவ்வளவும் சொல்லவைத்துப் பிடிக்கிற வேலையாக இருந்தால்? தெரியாது என்றால் மறைக்கிறாள் என்பார்கள். தொபியாஸ் கதவுகளை உடைத்தான் என்று சொல்லவே முடியாது. தப்பியோடினான் என்றாலும் கேள்வி வரும். அங்கேயே கிடந்து செத்தான் என்றால், கால் போன ஒரு பையனிடம் அதை யார் போய்ச் சொல்வது?

ஸமீம் காத்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. அதை நம்பவும் முடியவில்லை.

"அவன் சமையல்காரன்தானே," என்றாள் மெல்ல. "அங்கை ஒரு சாப்பாட்டுக்கடை போட்டவன். நல்ல ருசி. கதவுக்காரர் எல்லாரும் அங்கை வந்துதான் மத்தியானம் சாப்பிடுறவை. பெரிய காவலனும் வந்திடுவார். அவையள் சாப்பிட்டு முடியுமட்டும் கதவுகள் சும்மா திறந்து கிடக்கும். சனம் தன்ரை பாட்டிலை போய் வந்தது."

சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தாள். கதவுகள் திறந்து கிடந்தன என்று ஏன் சொன்னேன்? அதற்கு என்ன கருத்து எடுப்பார்கள்?

ஸமீம் ஒழுங்கையை இன்னொருமுறை பார்த்தார். "நல்லம்," என்றார். முகம் இளகியிருந்தது. "இத நான் அப்பிடியே செல்றேன். மிஸ், நான் இஞ்ச வந்த எண்டு யாருக்கும் செல்லவாணாம். எனக்கும் புள்ளைகள் ஈக்கு." அவர் ஒழுங்கையின் ஓரத்தால், மதிலோடு ஒட்டியபடி நடந்து போனார்.

திரும்பி வந்தபோது றோஸி அன்ரி சமையலறைக் கதிரையில் இருந்தார். அரிந்த வெங்காயம் அப்படியே கிடந்தது.

"என்ன கேட்டான்?"

"கதையின்ரை முடிவு."

றோஸி அன்ரி கத்தியைத் தட்டில் வைத்தார். எதிர்வீட்டு மேல்மாடியில் ஆட்கள் நின்று பார்த்ததைக் கண்டேன் என்றார். நாளைக்கு ஒழுங்கை முழுக்கத் தெரியும் என்றார். பிறகு பாலேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகள், எனக்கு ஒன்மேல கோவம் இல்ல. நீ பிழையான பிள்ளையும் இல்ல. எனக்குப் பயம். பொலிஸ் வந்தாலும் பயம், பொலிஸ் வாற வீடெண்டு அந்த இயக்கக்காரங்க வந்தாலும் பயம். இந்த வயசில என்னால ஏலாது. வேற எடம் ஒண்டு பாரு மகள்."

"ஓம் அன்ரி," என்றாள். அவளுக்கும் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்தாலும் இதையே சொல்லியிருப்பாள். இருவரும் கொஞ்சநேரம் அழுதார்கள். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

மாத முடிவில் அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறைக்குப் போனாள். அந்தப் பகுதிப் பொலிஸில் மறுபடி பதிய வேண்டியிருந்தது. வெள்ளவத்தையை ஏன் விட்டாய் என்று படிவத்தை நிரப்பிய கான்ஸ்டபிள் கேட்டார். அங்கே தண்ணீர் வருவது குறைவு என்றாள். அவர் அதையே எழுதி முத்திரை குத்தினார். அந்தத் தம்பிக்காரன் பிறகு சாப்பிட்டானா, எழுந்து நடந்தானா என்று அவளுக்குத் தெரியாது. சப் இன்ஸ்பெக்டரையும் ஸமீமையும் அவள் மறுபடி காணவில்லை. காணாதிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் நேர்ந்துகொண்டாள். அந்தப் பையன் சிரித்திருக்க வேண்டுமென்றும் சிலநாள் நேர்ந்துகொண்டாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போகும் வழியில் முன்பைவிட இரண்டு சோதனை கூட. காலையில் அரைமணி முந்தி எழும்பிப் பையைக் கட்டிலில் கவிழ்ப்பாள். சீப்பு, பனடோல் மாத்திரை அட்டை, கைலேஞ்சி, நேற்றைய பஸ் டிக்கட். டிக்கட்டின் பின்புறத்தையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பாள். ஒன்றும் எழுதியிருக்காது. இன்னொருமுறை பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைப்பாள்.